நூலின் கட்டமைப்பு: பழவேற்காட்டுத் துணியும் வலையும் சொல்வது

துணியானாலும் வலையானாலும் கயிறானாலும், அதன் நூலைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் முதலில் கேட்பது, இது இயற்கையா செயற்கையா என்பதைத்தான். பருத்தி என்றால் நல்லது, நைலான் என்றால் தீயது என்ற தீர்ப்பும் அந்தக் கேள்வியோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. அந்தத் தீர்ப்பு கோட்டைத் தவறான இடத்தில் கிழிக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு நூல் எந்தப் பொருளால் ஆனது என்பது பாதிக் கேள்விதான். அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது மறுபாதி. அதன் வலு எங்கிருந்து வருகிறது, அறுந்தால் யாரால் சரிசெய்ய முடியும், கைவிட்டால் அது என்ன ஆகும் என்ற மூன்றுக்கும் விடை, பொருளும் கட்டமைப்பும் சேர்ந்த இடத்தில்தான் கிடைக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்கப் பழவேற்காட்டைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அரிது. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள இந்த ஊர் 17-ஆம் நூற்றாண்டில் பருத்தித் துணிக்காகக் கடல் கடந்து அறியப்பட்டது. இன்று அதன் குப்பங்கள் நைலான் வலையால் பிழைக்கின்றன. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியின் கரையில், நானூறு ஆண்டு இடைவெளியில், நூலின் இரு பெரும் குடும்பங்களும் மனிதர்களின் உழைப்பையும் நீரையும் எப்படி மாற்றின என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

முதலில் அந்த இரு குடும்பங்கள். பருத்திப் பஞ்சின் ஒரு நார் பெரும்பாலும் 20 முதல் 35 மில்லிமீட்டர் வரைதான் நீளம். கட்டை விரல் நீளம்கூட எட்டாத இந்த நார்களைக் கொண்டு கிலோமீட்டர் கணக்கில் நீளும் நூலை ஆக்குவது முறுக்கு. நார்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொள்ளும்படி முறுக்கும்போது அவற்றுக்கிடையே உராய்வு பிறக்கிறது. நூலின் வலு அந்த உராய்விலிருந்தே வருகிறது. முறுக்கு குறைந்தால் நார்கள் வழுக்கி நூல் பிரிந்துவிடும். அளவு மீறினால் நார்கள் சாய்ந்து, இழுவையைத் தாங்கும் திறன் மறுபடி குறையும். நூற்பவரின் தேர்ச்சி இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் இருக்கிறது. கம்பளி, சணல், லினன் ஆகியவையும் இதே குடும்பம். மற்றொரு குடும்பம் தொடரிழை. ஆலைகளில் இதை ஃபிலமென்ட் என்பார்கள். இதற்கு முனை தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே உண்டு. இயற்கையில் இத்தகைய இழையைத் தருவது பட்டுப்புழு. ஒரு கூட்டிலிருந்து பல நூறு மீட்டர் இழை அறுபடாமல் வரும். மனிதர் செய்த இழைகளோ, உருகிய அல்லது கரைத்த பொருளை நுண்துளைகள் வழியே பிதுக்கி இழுப்பதால் வருபவை. எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் இழுக்கலாம். இங்கே வலு உராய்விலிருந்து வருவதில்லை, இழையின் பொருளிலேயே இருக்கிறது. முறுக்கு இதிலும் உண்டு. ஆனால் அதன் வேலை இழைகளைக் கட்டாகச் சேர்த்து வைப்பதுதான்.

இயற்கை, செயற்கை என்ற பிரிவு இந்தக் கட்டமைப்புப் பிரிவோடு பொருந்துவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டு இயற்கையானது, ஆனால் தொடரிழை. ரேயான் மரக்கூழிலிருந்து வருவது; பொருளால் பருத்தியின் உறவுதான். ஆனாலும் அது ஆலையில் இழையாகப் பிதுக்கப்படுகிறது. பாலியெஸ்டரோ முழுக்கச் செயற்கை. அதையே பஞ்சு நாரின் நீளத்துக்கு வெட்டி, பருத்தியோடு கலந்து நூற்று, சட்டைத் துணியாக நெய்கிறார்கள். அப்போது அது நூற்ற நூலின் குடும்பத்தில் சேர்ந்து, பருத்தியைப் போலவே மேற்பரப்பில் மயிரிழைகளை நீட்டிக்கொண்டு நிற்கிறது. தொடரிழையைச் சூடாக்கிச் சுருள வைத்து, நூற்ற நூலின் மென்மையைக் கொடுப்பதும் உண்டு. கையில் எடுத்த நூல் வியர்வையை உறிஞ்சுமா, பளபளக்குமா, உரசினால் உருண்டை பிடிக்குமா என்பனவற்றில் பாதிக்கு மேல் அது எப்படி நூற்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. இயற்கை என்ற சொல் சுற்றுச்சூழலுக்கு உத்தரவாதமும் ஆகாது. பருத்திக்கு நீரும் பூச்சிமருந்தும் வேண்டியிருக்கிறது. விஸ்கோஸ் ரேயான் செய்யக் கார்பன் டைசல்ஃபைடு என்ற நச்சுப்பொருள் தேவைப்படுகிறது.

நூலை அளக்கும் முறைகளிலும் இந்த இரு குடும்பங்களின் வரலாறு பதிந்திருக்கிறது. பருத்தி நூலுக்கு நாம் இன்றும் சொல்லும் ‘நம்பர்’ ஆங்கிலேய ஆலைகளிலிருந்து வந்தது. 840 கஜம் கொண்ட சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பதே அந்த எண். 40-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டுக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். எண் கூடக் கூட நூல் மெலியும். இழைக்கோ டெனியர் என்ற அளவு. 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் என்பது அது. இங்கே எண் கூடினால் இழை தடிக்கும். இரண்டுக்கும் பொதுவாக வந்த டெக்ஸ், 1,000 மீட்டரின் எடையைக் கிராமில் சொல்கிறது. 40-ஆம் நம்பர் பருத்தி நூல் ஏறத்தாழ 15 டெக்ஸ். வலைக்கடைகளில் புழங்கும் 210 டெனியர் நைலான் ஏறத்தாழ 23 டெக்ஸ். இந்த அளவுகள் வருவதற்கு முன்பு சோழமண்டலக் கரையில் துணியின் நயத்தைச் சொன்ன அளவு புஞ்சம். 120 பாவு நூல் ஒரு புஞ்சம். ஒரே அகலத்துக்குள் எத்தனை புஞ்சம் அடங்குகிறதோ அந்த அளவுக்குத் துணி நெருக்கமானது, விலை உயர்ந்தது. நூற்பவரின் கைத்திறனை வியாபாரி எடைபோட்ட எண் என்றே அதைச் சொல்லலாம், ஏனென்றால் மெலிந்த, சீரான நூல் இல்லாமல் புஞ்சம் கூட்ட வழியில்லை.

அந்தத் திறமையைத் தேடித்தான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டுக்கு வந்தது. 1613-இல் இங்கே எழுந்த கெல்டிரியா கோட்டை, 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் முதன்மைத் தளமாக இருந்தது. கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க அவர்களுக்குச் சோழமண்டலப் பருத்தித் துணி தேவைப்பட்டது, ஏனென்றால் அத்தீவுகளின் மக்கள் இந்தத் துணியை விரும்பி ஏற்றார்கள். கைவண்ணம் தீட்டிய சீலைகளோடு, நெய்வதற்கு முன்பே நூலுக்குச் சாயம் ஏற்றிக் கட்டம் போட்டு நெய்த துணிகளும் கப்பலேறின. அக்கட்டத் துணிக்குப் பழவேற்காட்டின் பெயரே நிலைத்தது. மலாய் உலகில் கட்டம்போட்ட கைலியை இன்றும் அந்தப் பெயரின் திரிந்த வடிவத்தில்தான் அழைக்கிறார்கள். இந்தப் புகழுக்கு அடிப்படை நூற்ற பருத்தி நூலின் இயல்பு. முறுக்கிய நார்களுக்கிடையே உள்ள சந்துகளில் நீர் எளிதில் புகும். நாரும் நீரை உறிஞ்சும். எனவே அவுரியின் நீலமும் சாயவேரின் சிவப்பும் நூலின் உள்வரை இறங்கின. சிட்டம் சிட்டமாகச் சாயம் தோய்த்த நூலைப் பாவிலும் ஊடையிலும் மாற்றி மாற்றி வைத்து நெய்தபோது, துணியின் இரு பக்கமும் ஒரே முகமாகக் கட்டம் விழுந்தது.

இந்தத் துணியின் வரலாற்றைச் சொல்பவர்கள் நெசவாளரையும் வணிகரையும் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். நூற்றவர்களைப் பற்றிய பேச்சு குறைவு. ஒரு தறி ஓட வேண்டுமானால் பல கைகள் இராட்டையில் நூற்க வேண்டும். அந்தக் கைகள் பெரும்பாலும் கிராமத்துப் பெண்களுடையவை. வயல்வேலை இல்லாத நாளிலும் இரவிலும் அவர்கள் நூற்றார்கள். 19-ஆம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலை நூல் மலிவாக வந்து இறங்கியபோது முதலில் வேலை இழந்தவர்களும் இவர்களே. நெசவாளர் பலர் ஆலை நூலை வாங்கித் தறியைத் தொடர்ந்து ஓட்டினார்கள்; இராட்டைக்கு அந்த வழி இருக்கவில்லை. ஆலை நூலும் பருத்திதான், நூற்ற நூல்தான். பொருளும் மாறவில்லை, குடும்பமும் மாறவில்லை. முறுக்கு ஏற்றும் இடம் மட்டும் வீட்டிலிருந்து ஆலைக்கு மாறியது. அந்த ஒரு மாற்றமே ஒரு பெரும் உழைப்பைக் கிராமத்திலிருந்து துடைத்துவிட்டது. நூலைச் செய்வதிலும் சரிசெய்வதிலும் ஊருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்காமல் ஒரு நூலை மதிப்பிட முடியாது என்பதற்கு இது முதல் சான்று.

இரண்டாவது சான்று வலையில் இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்தக் கரையின் வலைகள் பருத்தியாலும் சணப்பு நாராலும் ஆனவை. நனைந்தால் பருத்தி நாரின் வலு சற்றுக் கூடும் என்பது வலைக்கு நல்ல குணம். ஆனால் அது நீரைக் குடித்துக் கனக்கும்; ஈரத்தில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னும். ஆகவே ஒவ்வொரு முறை தொழிலுக்குப் போய் வந்த பிறகும் வலையைக் காயவைக்க வேண்டியிருந்தது. குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை மரப்பட்டைச் சாறோ காசுக்கட்டியோ காய்ச்சி அதில் தோய்த்தெடுக்க வேண்டியிருந்தது. சில வலைகளுக்குத் தார் பூசினார்கள். ஒரு வலை காயும்போது தொழில் செய்ய இன்னொரு வலை வேண்டும். இத்தனை பாடுபட்டும் பருத்தி வலை நீண்ட நாள் உழைக்காது. இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: பருத்தி வலை நீருக்குத் தீங்கில்லாதது என்பது முழு உண்மையல்ல. அதைக் காப்பாற்றிய துவர்ப்புச் சாறு பல கரைகளில் அலையாத்தி மரங்களின் பட்டையை உரித்துக் கிடைத்தது. மக்கி மண்ணாகும் நூலுக்கும் ஒரு காடு விலை கொடுத்திருக்கிறது.

இந்தச் சூழலில்தான் நைலான் வந்தது. அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935-இல் நைலான் 66-ஐ உருவாக்கினார். 1938-இல் ஜெர்மனியில் பால் ஷ்லாக் நைலான் 6-ஐக் கண்டுபிடித்தார். இந்தியாவில் 1957-இல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் செயற்கை இழை வலைகளைச் சோதித்துப் பரப்பிய அமைப்புகளில் முதன்மையானது. 1960-களில் தமிழகக் கரைகளில் நைலான் வலை பரவியது. வலைக்குப் பயன்படும் நைலான் பருத்தியைவிட, எடைக்கு எடை, ஏறத்தாழ இருமடங்கும் அதற்கு மேலும் இழுவை தாங்கும். நனைந்தால் சிறிது வலு குறையும், ஆனால் அழுகாது. பட்டைச் சாறு காய்ச்சும் வேலை போயிற்று, தினமும் காயவைக்கும் கட்டாயமும் போயிற்று. மெல்லிய நூலிலேயே வேண்டிய வலு கிடைத்ததால் வலை இலகுவாயிற்று. ஒரே படகில் அதிக நீளம் ஏற்றிச் செல்ல முடிந்தது. இந்த ஆதாயத்தைக் குறைத்துப் பேசுபவர்கள் மீனவரின் முதுகில் இறங்கிய சுமையைக் கணக்கில் எடுக்காதவர்கள். பருத்தி வலைக்குத் திரும்புங்கள் என்ற அறிவுரைக்கு இந்த ஏரியில் பொருளில்லை. இக்கட்டுரையும் அதைக் கேட்கவில்லை. ஆனால் வலைக்குக் கண் போடும் வேலையும் நைலானோடு வீட்டைவிட்டு வெளியேறியது. நாகர்கோவில் வட்டாரத்து வலை ஆலைகளில் எந்திரங்கள் முடிச்சிடுகின்றன. அங்கே பெண்கள் கூலிக்கு வேலை செய்கிறார்கள். ஊரில் மிஞ்சியது வலையைத் தக்கையோடும் ஈயத்தோடும் கோத்துக் கட்டுவதும் கிழிந்ததைச் சரிசெய்வதும்தான்.

நைலான் என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது உண்மையில் இரு வேறு பொருட்களை. ஒன்று பல இழை நைலான்: முடியைவிட மெலிந்த, இருபதுக்கு மேற்பட்ட நுண்ணிழைகள் சேர்ந்த 210 டெனியர் கட்டுகளை முறுக்கி, அவற்றில் இரண்டு மூன்றை மறுபடி சேர்த்து முறுக்கிச் செய்யும் நூல். வலைக்கடையில் 210/2/3 என்றால், இரண்டு கட்டுகள் சேர்ந்த புரி மூன்று, ஆக ஆறு கட்டுகள் என்று பொருள். மற்றொன்று ஒற்றை இழை, மீனவர் தங்கூசி என்பது. முழுத் தடிமனும் ஒரே இழை. கண்ணாடி போல ஒளி ஊடுருவும். அதன் தடிமனை மில்லிமீட்டரில் சொல்வார்கள். இவ்விரண்டையும் ஒப்பிட ஒரு கணக்குப் போதும். 0.16 மில்லிமீட்டர் தங்கூசியின் குறுக்குப் பரப்பை நைலானின் அடர்த்தியான 1.14-ஆல் பெருக்கினால் 9,000 மீட்டருக்கு ஏறத்தாழ 206 கிராம் வருகிறது. அதாவது அது 210 டெனியர் கட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய சமம். ஒரே நைலான், ஒரே எடை. ஆனால் வளைக்க எடுக்கும் விசை இழையின் விட்டத்தின் நான்காம் படியாக ஏறுகிறது. ஒரு கட்டில் 24 நுண்ணிழைகள் தனித்தனியே வளைய முடியுமானால், அதே எடையுள்ள ஒற்றை இழை அந்தக் கட்டைவிட 24 மடங்கு விறைப்பாக இருக்கும். நுண்ணிழைக் கட்டின் மேற்பரப்போ ஏறத்தாழ ஐந்து மடங்கு. இரண்டின் குணமும் வேறாவது இங்கிருந்துதான், வேதியியலில் ஒரு மூலக்கூறுகூட மாறாமலே.

இந்த வேறுபாடு நீரில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பல இழை நூல் மென்மையானது. முடிச்சு இறுகிப் பிடிக்கும். அறுந்த இடத்தில் வேறு நூலைக் கொண்டு கண் போட்டு ஒட்டவைக்கலாம். ஆனால் அதன் பெரிய மேற்பரப்பில் சேறும் பாசியும் பிடிக்கும். தெளிந்த நீரில் மீன் கண்ணுக்கு அது தெரியும். தங்கூசி தெளிந்த நீரில் தெரிவதில்லை, சேறு பிடிப்பது குறைவு, வலையிலிருந்து மீனைக் கழற்றுவதும் எளிது. ஆகவே செவுள் வலையில் அதற்கு அதிக மீன் படுகிறது. பல கடல்களில் செய்த ஒப்பீட்டுச் சோதனைகளும் இதையே காட்டுகின்றன. விலையும் குறைவு. இத்தனை ஆதாயங்களுக்கு மறுபக்கம் உண்டு. விறைப்பான வழவழப்பான இழையில் முடிச்சு நழுவும். வெயிலில் இழை நொறுங்கத் தொடங்கும். கண் கிழிந்தால் சரிசெய்ய ஆகும் நேரமும் கூலியும் புது வலையின் விலையை நெருங்கிவிடும். நண்டு பட்ட வலையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கொடுக்கைக் கழற்றும் அவசரத்தில் கண்களை அறுத்தெடுப்பதே வழக்கம். இதன் விளைவாகத் தங்கூசி வலை பழுதுபார்க்கப்படுவதைவிட வீசியெறியப்படுவதே அதிகம். வலை மலிவாக இருப்பதன் காரணமும் நீரில் மிதமிஞ்சி வலை சேர்வதன் காரணமும் ஒன்றே.

வீசியெறிந்த வலை எங்கே போகிறது என்பதையும் பொருளின் அடர்த்தியே தீர்மானிக்கிறது. கயிற்றுக்கும் இழுவலைக்கும் பயன்படும் பாலிஎத்திலீன் நீரைவிட இலகுவானது. அது மிதந்து கரை ஒதுங்கும், கண்ணுக்குத் தெரியும், பொறுக்கி எடுக்கலாம். நைலான் கடல்நீரைவிடக் கனமானது, மூழ்கும். பழவேற்காட்டு ஏரியோ ஆழம் குறைந்தது. பல இடங்களில் ஆள் இறங்கி நிற்கலாம். அந்தச் சேற்றில் புதைந்த நைலான் மீது வெயில் விழாது. நைலானைச் சிதைப்பதில் முக்கியமானது சூரியனின் புற ஊதாக் கதிர்தான் என்பதால், புதைந்த இழை பல ஆண்டுகள் முழுதாகவே கிடக்கும். பருத்தி வலை தொலைந்தால் சில மாதங்களில் மக்கிப்போகும். நைலான் வலை தொலைந்தால் ஆளில்லாமலேயே மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த ஏரியில் வலை போடாமலே பிழைப்பவர்களும் உண்டு: இருளர் பெண்கள் சேற்றில் கைதடவி இறால் பிடித்து, பல்லால் கவ்விய ஓலைப் பறியில் சேர்க்கிறார்கள். சேற்றில் புதைந்த இழை அவர்களின் கைக்கும் காலுக்கும் நேரே குறுக்கிடுகிறது. ஒருவரின் சிக்கனம் இன்னொருவரின் தொழில் நிலத்தைக் கெடுக்கக்கூடும் என்பதை வலையின் விலைச்சீட்டு காட்டுவதில்லை.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிக வலுவானது, ஏரியின் துயரத்துக்கு நூலா காரணம் என்ற கேள்வி. முகத்துவாரம் மணலால் அடைபடுகிறது. கடல்நீர் வந்துபோவது குறைந்தால் இறால் குஞ்சுகள் உள்ளே வருவதும் குறைகிறது. தெற்கே அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் கழிமுகங்களின் தன்மையை மாற்றியிருக்கின்றன. இவற்றோடு ஒப்பிட்டால் தங்கூசி சிறிய காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நூலைச் சுட்டிக்காட்டி, பெரிய காரணங்களிலிருந்து அரசும் நிறுவனங்களும் நழுவிக்கொள்ள இந்த வாதத்தைப் பயன்படுத்தினால் அது அநியாயம். ஆயினும் காரணம் சிறியது என்பதால் அதைக் கவனிக்க வேண்டாம் என்று ஆகாது. முகத்துவாரம் குப்பத்துக்காரர்களின் கையில் இல்லை. வலை அவர்கள் கையில் இருக்கிறது. ஏரி சுருங்கச் சுருங்க, அதன் சேற்றில் சேரும் ஒவ்வொரு வலையின் பாதிப்பும் கூடுகிறது. நீர் நலிந்திருக்கும்போதுதான் நூலைப் பற்றிய முடிவு அதிகம் பொருட்படுகிறது.

அடுத்த மறுப்பு வறுமையைப் பற்றியது. மலிவான வலையைத் தடைசெய்தால் முதலில் அடிபடுபவர் சிறு மீனவர்தானே? இதற்கு இலங்கையின் அனுபவம் பாடமாகிறது. அங்கே 2006-இல் ஒற்றை இழை வலைகள் தடைசெய்யப்பட்டன. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தங்கூசி வலை கடலைவிட்டுப் போகவில்லை, வடக்கில் மீனவர்கள் அதைப் பற்றி இன்றும் முறையிடுகிறார்கள். விலையில் இருக்கும் வேறுபாட்டைக் கவனிக்காத தடை, வலையைக் கரையிலிருந்து மறைக்குமே தவிர நீரிலிருந்து அகற்றாது என்பதே இதன் பொருள். ஆகவே வெறும் தடை என் பரிந்துரையல்ல. பல இழை நைலானின் கூடுதல் விலையை மானியத்தால் ஈடுகட்டினால், தங்கூசியின் மலிவு தானாகவே கவர்ச்சி இழக்கும். காற்றுக் காலத்தில் ஏரி கலங்கும்போது, கண்ணுக்குத் தெரியாத இழையின் ஆதாயமும் குறைகிறது என்பதை மீனவரே அறிவர். கலங்கிய, ஆழமில்லாத நீரில் மென்மையான பல இழை வலை தோற்றுப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. இதை இந்த ஏரியிலேயே, மீனவரின் படகிலேயே, பருவம் பருவமாக ஒப்பிட்டுச் சோதித்துச் சொல்வது மீன்வளத் துறையின் கடமை.

மக்கும் செயற்கை இழை வந்துவிட்டதே, அதுதானே தீர்வு என்பது மூன்றாவது மறுப்பு. பாலிபியூட்டிலீன் சக்சினேட் என்ற பொருளால் செய்த வலைகளைத் தென்கொரியா பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது, நார்வேயிலும் சோதித்தார்கள். நார்வேச் சோதனைகளில் அது நைலானைவிடக் குறைவாகவே மீன் பிடித்தது. வலுவும் குறைவு, விலையும் அதிகம். நம்பிக்கைக்கு இடமுண்டு, ஆனால் இன்றைய ஏரிக்கு அது விடையாகாது. இதைவிட அருகில் உள்ள வழி நைலானின் இன்னொரு குணத்தில் இருக்கிறது. நைலான் 6-ஐ வேதிமுறையில் பிரித்து, அது உருவான கேப்ரோலாக்டமாகவே மீட்டெடுத்து மறுபடி இழை இழுக்கலாம். இத்தாலிய நிறுவனமான அக்வாஃபில் 2011 முதல் பழைய மீன்வலைகளையும் சேர்த்து இவ்வாறு ஆடைக்கான நைலான் நூலாக்கி வருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: நைலான், பாலிஎத்திலீன் கயிறு, ஈயம், தக்கை எல்லாம் கலந்து கிடந்தால் பிரிக்க ஆகும் கூலியே மீட்பின் விலையைத் தின்றுவிடும். எந்த வலை எந்தப் பொருள் என்று கரையிலேயே தெரிந்தால்தான் மீட்பு சாத்தியம். வலைகளுக்கு அடையாளக் குறியிடுவது பற்றி ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2018-இல் தன்னார்வ வழிகாட்டுதல்களை ஏற்றுக்கொண்டது; ஆனால் அவை முதன்மையாக வலை யாருடையது என்பதை அறிவதற்கானவை. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு விதிகளில் உற்பத்தியாளருக்கான பொறுப்பு பெரிதும் உறை, பொதி வகைகளையே சுற்றி நிற்கிறது. வலையும் அந்தப் பொறுப்புக்குள் வர வேண்டும்.

இந்த மாற்றத்தை யார் நடைமுறைப்படுத்துவது என்பதற்குப் பழவேற்காடு புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கோட்டைக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் வழிவழியாக வரும் பாடு முறை, ஏரியில் இறால் ஓடும் இடங்களை ஊர்க்காரர்களிடையே முறைவைத்துப் பகிர்ந்தளிக்கிறது. யார், எங்கே, எந்த நாளில், எந்த வலையைப் போடலாம் என்பதை ஊரே முடிவு செய்கிறது; இறால் பிடிக்கும் சுத்துவலை அந்த ஏற்பாட்டோடு சேர்ந்தே வழங்கி வருகிறது. இம்முறைக்குக் குறைகள் உண்டு: பாட்டில் உரிமை இல்லாதவர்கள் ஓரம் கட்டப்படுகிறார்கள், சச்சரவுகளும் எழுகின்றன. ஆனால் வலையைப் பற்றி ஊர் விதி செய்யலாம் என்ற கொள்கை இங்கே பல தலைமுறையாக ஏற்கப்பட்டிருக்கிறது. அந்த விதியில் நூலின் வகையையும் சேர்ப்பது பெரிய தாவல் அல்ல. சுத்துவலையோடு செவுள் வலைக்கும் பல இழை நைலான் என்று ஊர் தீர்மானிக்கலாம். தொலைந்த வலையைத் தேடி எடுக்க ஆண்டுக்குச் சில நாட்களை ஒதுக்கலாம். அதற்குக் கூலியை அரசு தரலாம். அந்த வேலையிலும் முடிவெடுப்பதிலும் இருளர் குடும்பங்களுக்குப் பங்கு இருக்க வேண்டும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பதால் இரு மாநில மீன்வளத் துறைகளும் ஒரே விதியை ஏற்க வேண்டும். இல்லையென்றால் ஒரு கரையில் தடுத்தது மறுகரையில் விற்கும்.

ஆய்வின் முடிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்தியைப் புகழ்வதும் நைலானைப் பழிப்பதும் பழவேற்காட்டின் வரலாற்றில் நிற்காது: பருத்தி வலை காட்டைக் கேட்டது, ஆலைப் பருத்தி நூல் இராட்டைக்காரிகளின் வேலையைப் பறித்தது, பல இழை நைலான் மீனவரின் சுமையை இறக்கியது. பிழை அந்தச் சொற்களில் அடங்காத இடத்தில் இருக்கிறது: சரிசெய்ய முடியாத அளவுக்கு மலிவான, கைவிட்டால் கண்ணுக்குத் தெரியாத கட்டமைப்பில். ஆகவே கடைக்காரர் ஒவ்வொரு வலைக் கட்டிலும் பொருள் எது, ஒற்றை இழையா பல இழையா, தடிமன் எவ்வளவு என்று தமிழில் எழுதி விற்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. பழைய வலையை எடைக்கு வாங்கும் இடம் குப்பங்களுக்கு அருகிலேயே வேண்டும் என்பது இரண்டாவது. துணி வாங்கும் நாமும் இதே கேள்விகளுக்குப் பழக வேண்டும்: சட்டையில் பாலியெஸ்டர் கலந்திருந்தால் அது வெட்டிய நாரா தொடரிழையா, துவைக்கும்போது எவ்வளவு உதிரும், கிழிந்தால் தைக்கலாமா, கடைசியில் எங்கே போகும் என்று கேட்க வேண்டும். ஒரு நூலுக்கு நாம் கொடுக்கும் விலையில் அதன் முடிவுக்கான செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால், எந்த நூல் மலிவு என்ற பட்டியல் வேறு வரிசையில் நிற்கும்.